சிஸ்டர்கிட்ட கேளுங்க: மூணு மாசம் சித்த வைத்திய மெழுகு மருந்து சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் கீமோ போகலாமா?

கேள்வி: கேன்சர் வார்டு நர்ஸ் சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயசு 71, கோவில்பட்டி பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் கணக்கு எழுதினவன். வெளிக்கிப் போறப்ப ரத்தம் பட்டுச்சு, மூலம்னு நினைச்சு துத்தியிலையும் கருணைக்கிழங்குமா நாலு மாசம் ஓட்டிட்டேன், ஆளு மெலிஞ்சு ரத்தம் ஏழுக்கு எறங்கினப்பறம்தான் மகன் இழுத்துட்டுப் போனான். பெருங்குடல்ல கேன்சர். ஆபரேஷன் முடிஞ்சு இன்னையோட 24 நாள் ஆச்சு. எடுத்து அனுப்புனதுல ரெண்டு நெறிக்கட்டியில இருக்குன்னு ரிப்போர்ட், ஸ்டேஜ் மூணாம், கேபிசிடபின்னு மாத்திரையும் மூணு வாரத்துக்கு ஒருதரம் டிரிப்ஸும் எடுக்கணும்ங்கறாங்க. கீமோன்னாலே எனக்கு ஈரக்கொல நடுங்குது. என் சகலை பன்னெண்டு வருஷம் முன்ன கீமோ எடுத்து பாயோட பாயா கெடந்துதான் போனாரு, பக்கத்துல இருந்து பாத்தவன் நான்.

மச்சினன் ஒரு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனான், மலையடிவாரத்துல இருக்காரு, ரெண்டு மணி நேரம் ஒக்கார வச்சு பேசுனாரு, நாடி பாத்தாரு, மெழுகும் சூரணமும் ரெண்டு மண்டலம் சாப்பிடணும், புளி உப்பு சேக்கக் கூடாது, இங்கிலீஷ் மருந்து எதையும் தொடக் கூடாது அப்பதான் வேலை செய்யும்ங்கறாரு, மண்டலத்துக்கு 36 ஆயிரம். மருமகன் வேற பி17 வைட்டமின்னு ஆப்ரிகாட் கொட்டை வாங்கி அனுப்பியிருக்காரு. மூணு மாசம் இதைப் பாத்துட்டு சரிவரலேன்னா கீமோ போயிக்கலாமேன்னு தோணுது. மகன் கோவத்துல மொகம் குடுத்துப் பேசறதில்ல, வீட்டுக்காரி அழுதுக்கிட்டே இருக்கா. இந்த வயசுல மகன் காசையும் கரைச்சு நானும் சீரழியணுமாம்மா? நேர்மையா சொல்லுங்க.

பதில்: அண்ணாச்சி, மூணு மாசம் தள்ளாதீங்க. கடுதாசியில நம்பர் போட்டிருந்தீங்கன்னு அன்னைக்கே போன் பண்ணி இதை மட்டும் சொல்லிட்டேன், இப்ப முழுசா எழுதறேன், ஏன்னா இதே பயத்தோட இதே கேள்விய கேக்கற பெரியவங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்களும் படிக்கட்டும்.

ஏன் தள்ளக் கூடாதுன்னா, உங்க கட்டிய எடுத்தாச்சு, அது போயிருச்சு. ஆனா ரெண்டு நெறிக்கட்டி வரைக்கும் அது நடந்து போயிருக்கு, அப்படின்னா கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாம நாலு வெத ரத்தத்துல விழுந்திருக்கலாம். விழுந்திருக்கலாம்னுதான் சொல்றேன், விழுந்திருக்குன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. அந்த வெத மொளைக்கறதுக்கு முன்னாடி அழிக்கத்தான் இந்த கீமோ. அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்சு ஆறுலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு டாக்டர்ங்க அவசரப்படறாங்க, தள்ளத் தள்ள அதோட பலன் கொறஞ்சுக்கிட்டே வரும். உங்களுக்கு 24 நாள் ஓடிருச்சு. ரெண்டு மண்டலம்னா 96 நாள். சரிவரலேன்னா போயிக்கலாம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, சரிவரலேன்னு உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? இப்ப வலி இல்ல, ரத்தம் போகல, ஆபரேஷன் பண்ணதால பசியும் திரும்ப வரும், ரெண்டு மண்டலம் முடியறப்ப நீங்க நல்லாத்தான் இருப்பீங்க, மெழுகுதான் காப்பாத்துச்சுன்னு தோணும். சரிவரலேன்னு தெரியற அன்னைக்கு அது ஈரல்லயோ நுரையீரல்லயோ போய் உக்காந்திருக்கும், அப்ப எடுக்கற கீமோ வேற கீமோ, அதோட நோக்கமே வேற. உங்க சகலை எடுத்தது அனேகமா அதுவா இருக்கும். அவருக்கு எந்த எடத்துல கேன்சர், எந்த ஸ்டேஜ்னு வீட்டுல கேட்டுப் பாருங்க, அவரோட கடைசி நாளையும் உங்களோட இந்த நாளையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

அந்த ஆப்ரிகாட் கொட்டை விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும். பி17னு ஒரு வைட்டமினே கெடையாது. கொட்டைக்குள்ள இருக்கற அமிக்டாலின்ங்கற பொருளுக்கு விக்கறவங்க வச்ச பேரு அது. வயித்துக்குள்ள போனா அதுலேர்ந்து சயனைடு வரும். அமெரிக்காவுல எழுபதுகள்ல இதுக்கு பெரிய கூட்டமே இருந்துச்சு, டாக்டர்ங்க மறைக்கறாங்கன்னு ஒரே கூச்சல். சரி சோதிச்சே பாத்துருவோம்னு மேயோ கிளினிக்ல சார்லஸ் மோர்ட்டெல்னு ஒரு டாக்டரும் மத்தவங்களும் சேந்து 178 பேருக்கு அதே மருந்து, அதே பத்தியம், அதே வைட்டமின் எல்லாம் குடுத்துப் பாத்து 1982ல முடிவ வெளியிட்டாங்க. ஏழு மாசத்துல அத்தனை பேருக்கும் கட்டி வளந்திருந்துச்சு, சில பேரு ரத்தத்துல சயனைடு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்துச்சு. அதே மோர்ட்டெல்தான் 1990ல பெருங்குடல் கேன்சர் ஸ்டேஜ் மூணு ஆளுங்களுக்கு, உங்கள மாதிரியே ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு, புளூரோயுராசில்ங்கற கீமோ மருந்தையும் லெவமிசோல்ங்கற, வயித்துப் புழுவுக்குக் குடுக்கற மருந்தையும் சேத்துக் குடுத்துப் பாத்தாரு. ஆபரேஷனோட விட்டவங்கள விட திரும்ப வர்றது 41 சதவீதம் கொறஞ்சுச்சு, சாவு 33 சதவீதம் கொறஞ்சுச்சு. கொட்டையையும் ஊசியையும் ஒரே ஆளு அளந்தாரு, ஒண்ணு தேறுச்சு ஒண்ணு தேறல. உங்களுக்கு எழுதியிருக்கற கேபிசிடபின் மாத்திரை இருக்கே, அது உடம்புக்குள்ள போய் அதே புளூரோயுராசிலா மாறுற மருந்துதான். கொட்டைய குப்பையில போட்டுருங்க, பேரப்புள்ளைங்க கைக்கு எட்டுற எடத்துல வேண்டாம்.

கீமோ எடுத்தா நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆபரேஷனோடவே கொணமானவங்க இருக்காங்க, கீமோ எடுத்தும் திரும்ப வந்தவங்களும் இருக்காங்க. ஆனா ரெண்டையும் விட்டு மாற்று வைத்தியம் மட்டும் பாத்தவங்க கதி என்னன்னு அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க கணக்குப் பாத்திருக்காங்க, தூரத்து உறுப்புக்குப் பரவாத கேன்சர் உள்ள 281 பேரு, அவங்கள மாதிரியே இருந்து வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரு. மொத்தத்துல மாற்று வைத்தியம் பாத்தவங்களுக்கு சாவு ரெண்டரை மடங்கு, பெருங்குடல் கேன்சர்ல மட்டும் நாலரை மடங்குக்கு மேல. அதே ஆளுங்க அடுத்து ரெண்டு வைத்தியத்தையும் கலந்து பாத்தவங்களையும் எடுத்துப் பாத்தாங்க, அதுலயும் சாவு ரெண்டு மடங்கு, மூலிகை கொன்னுச்சுன்னு இல்ல, அத நம்பி டாக்டர் சொன்ன கீமோவையோ ரேடியேஷனையோ வேண்டாம்னு மறுத்துட்டாங்கங்கறதுதான் காரணம்னு தெரிஞ்சுது.

மெழுகு பத்தி ஒரு கவலை எனக்கு பெருசா இருக்கு. நான் சித்த வைத்தியத்துக்கு எதிரி இல்ல அண்ணாச்சி, எங்க தாத்தா வீட்டுல குப்பைமேனி இல்லாம ஒரு நாள் விடியாது. ஆனா கேன்சருக்குன்னு குடுக்கற மெழுகுல பலதுல ரசம், கெந்தகம் இருக்கும், சேராங்கொட்டை சேத்ததும் உண்டு. ரசம்னா பாதரசம். சரியா பண்ணாதது, யாரு எங்க பண்ணாங்கன்னே தெரியாதது உள்ள போனா மொதல்ல அடி வாங்கறது கிட்னி. இந்த கேபிசிடபின் மாத்திரைய கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துதான் அளவு வைப்பாங்க, கிட்னி கெட்டா சாதாரண அளவே வெஷமாயிரும். அப்ப நீங்க கீமோதான் படுக்க வச்சுச்சும்பீங்க, உண்மையில படுக்க வச்சது நீங்க சொல்லாம மறைச்ச மெழுகா இருக்கும். இதே மாதிரி சீந்தில் கொடி, 2021ல மும்பையில அத சாப்பிட்டு ஈரல் வீங்கி வந்தவங்கள பத்தி டாக்டர்ங்க எழுதினாங்க. சத்து மாத்திரைன்னு கடையில வாங்கற போலிக் ஆசிட் கூட கேபிசிடபினோட சேந்தா வாய்ப்புண்ணும் வயித்தால போறதும் கூடும். சமையல்ல போடற மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு எதுக்கும் பயம் வேண்டாம், இஞ்சி கொமட்டலுக்கு நல்லதும் கூட. மஞ்சள மாத்திரையா அடைச்சு விக்கறாங்களே அது வேற, கேக்காம தொடாதீங்க. புளி உப்பு இல்லாத பத்தியம் இப்ப வேணவே வேண்டாம், ரத்தம் ஏழுல இருந்த உடம்பு, வெட்டித் தச்ச வயிறு, முட்டை மீனு பருப்பு மோரு எல்லாம் உள்ள போகணும், எடை கொறையக் கூடாது.

செடியில கேன்சர் மருந்தே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. நம்ம சுடுகாட்டோரமெல்லாம் பூக்குற நித்தியகல்யாணியிலேர்ந்துதான் வின்கிரிஸ்டின் எடுக்கறாங்க, ரத்தப் புத்துநோய் வந்த கொழந்தைங்களுக்கு நானே எத்தனையோ தடவை அத ஏத்தியிருக்கேன். ஆனா அந்தச் செடிய அரைச்சுக் குடிச்சா வெஷம், மருந்து அதுல துளித்துளியாதான் இருக்கு, பிரிச்சு சுத்தம் பண்ணி மில்லிகிராம் கணக்குல ஏத்துனாதான் மருந்து.

இப்ப என் வீட்டு விஷயம் ஒண்ணு. எங்க பெரியக்காவுக்கு மார்ல கட்டி, வெளிய சொல்ல வெக்கம், பத்துப் போட்டு ஒருத்தர் எட்டு மாசம் ஓட்டுனாரு. கேன்சர் வார்டுல வேலை பாக்கற தங்கச்சி நான் இருக்கேன், எங்கிட்ட கூட சொல்லல. புண்ணாகி நாத்தம் வந்தப்பறம்தான் வந்தா. ஏங்க்கா இப்படின்னு கேட்டப்ப அவ சொன்னது இன்னைக்கும் காதுல இருக்கு, அவரு உக்கார வச்சுப் பேசுனாருடி, ஆஸ்பத்திரில நிமிந்து பாக்கலன்னா. அவ மொதல்ல போன ஆஸ்பத்திரில டாக்டர் ரெண்டு நிமிஷம் கூட குடுக்கல, கட்டிய பாத்து அடுத்தவங்களக் கூப்பிட்டாரு. உங்க கடுதாசியிலயும் ரெண்டு மணி நேரம் ஒக்கார வச்சுப் பேசுனாருன்னு படிச்ச ஒடனே எனக்கு அக்கா ஞாபகம்தான். அந்த ரெண்டு மணி நேரம் உங்களுக்குத் தேவைப்பட்டுச்சு, தப்பே இல்ல, அத ஆஸ்பத்திரில குடுத்திருக்கணும். அதனால உங்க டாக்டர்கிட்ட போய் கேளுங்க, எனக்கு பயமா இருக்கு, பத்து நிமிஷம் ஒதுக்குங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, கேள்விய ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க, முப்பத்திநாலு வருஷம் கணக்கு எழுதின கை தானே.

என்ன கேக்கணும்னா, எழுபதுக்கு மேல உள்ளவங்களுக்கு டிரிப்ஸ்ல ஏத்தற ஆக்சாலிபிளாட்டின் கூடுதலா குடுக்கற பலன் கொஞ்சம்தான், அதனால வெறும் மாத்திரை மட்டும் குடுத்து பாக்கறதும் வழக்கத்துல உண்டு, எனக்கு அது போதுமான்னு கேளுங்க. ரெண்டும் சேந்துதான் வேணும்னா, 2018ல வந்த பெரிய ஆராய்ச்சியில நெறிக்கட்டி மூணு வரைக்கும் மட்டும் பாதிச்சு கட்டியும் ரொம்ப ஆழம் போகாதவங்களுக்கு ஆறு மாசத்துக்குப் பதிலா மூணு மாசமே கிட்டத்தட்ட அதே பலன் குடுக்குதுன்னு வந்திருக்கு, என் ரிப்போர்ட் அதுல சேருமான்னு கேளுங்க. மூணு மாசம்ங்கறது அந்த வைத்தியர் கேட்ட அதே மூணு மாசம்தான் அண்ணாச்சி. கிட்னிக்கு, இருதயத்துக்கு ஏத்த மாதிரி அளவு கொறைப்பாங்களா, கஷ்டமா இருந்தா நிறுத்தலாமான்னும் கேளுங்க. நிறுத்தலாம். ஆரம்பிச்சா முடிச்சே ஆகணும்னு யாரும் கட்டிப் போட மாட்டாங்க.

கஷ்டம் இருக்கும், இல்லேன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன். மாத்திரையில உள்ளங்கை உள்ளங்கால் செவந்து எரியும், தோலு உரியும், தேங்காண்ணெய் தடவிக்கிட்டே இருங்க, சுடுதண்ணில கை விடாதீங்க. டிரிப்ஸ் ஏத்தினா நாலஞ்சு நாளைக்கு ஐஸ் தண்ணி குடிச்சாலோ பிரிட்ஜ்ல கை வச்சாலோ ஷாக் அடிச்ச மாதிரி இருக்கும், வெதுவெதுன்னே குடிங்க. இந்த மருந்துங்கள்ல முடி மொத்தமா கொட்டறது அபூர்வம். ரெண்டு விஷயத்துக்கு மட்டும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, காய்ச்சல் 100.4 தாண்டினா அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி, ஒரு நாளைக்கு வழக்கத்த விட நாலு தடவையோ அதுக்கு மேலயோ கூடுதலா வயித்தால போனா மாத்திரைய நிறுத்திட்டு ஒடனே போன். உங்க சகலை காலத்துக்கு இப்ப கொமட்டலுக்கு நல்ல மருந்தெல்லாம் சாதாரணமா கெடைக்குது.

காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, வருஷ வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருக்கணும், விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கிட்டு ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போங்க. மகன் சம்பளம் ஒரே கார்டுல வந்து தடையானா தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரைன்னு சுத்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க கேளுங்க. ரெண்டு மண்டலத்துக்கு 72 ஆயிரம் குடுக்க ஒத்துக்கிட்டு கீமோவுக்கு மகன் காசு கரையும்னு கவலைப்படறீங்க, கணக்கெழுதுனவரு நீங்க, அந்த நோட்டையும் ஒரு தடவை பாருங்க. அப்புறம் கேன்சர கொணப்படுத்துவேன்னு விளம்பரம் பண்றதே 1954 சட்டப்படி குத்தம்.

வைத்தியர் மேல நம்பிக்கை இருந்தா அவருகிட்ட மூணு கேள்வி கேளுங்க. சித்த மருத்துவம் படிச்சு பதிவு பண்ணவரா? மெழுகு பேரையும் அதுல என்ன இருக்குன்னும் லெட்டர் பேட்ல எழுதிக் குடுப்பாரா? உங்க கேன்சர் டாக்டர்கிட்ட போன்ல பேசுவாரா? பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்துலதான் இருக்கு, அங்கயும் காட்டலாம், எனக்குப் பழக்கமான படிச்ச சித்த டாக்டர் யாரும் கீமோவ விட்டுட்டு வான்னு சொன்னதில்ல, பசிக்கும் தூக்கத்துக்கும் வலுவுக்கும் நாங்க பாத்துக்கறோம்பாங்க. இங்கிலீஷ் மருந்த தொடாதேன்னு சொன்னாரே அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வயித்தக் கலக்குது.

இவ்வளவும் கேட்டுட்டு, டாக்டர்கிட்டயும் பேசிட்டு, அப்பவும் கீமோ வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணா அது உங்க உரிமை, மகன் அத மதிக்கணும். ஆனா தெரிஞ்சு வேண்டாங்கணும், பயந்து வேண்டாங்கக் கூடாது. மகன் கோவம் கோவம் இல்ல அண்ணாச்சி, அவன் நாலு மாசம் முன்னாடியே கூட்டிட்டுப் போகலியேன்னு தன்னையே திட்டிக்கிட்டிருப்பான். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க அழறது என்னன்னு தெரியாத பயத்துல. மகனுக்கு நாப்பது தாண்டியிருந்தா அவனும் குடல் டெஸ்ட் பத்தி அதே டாக்டர்கிட்ட கேட்டுக்கட்டும், அப்பாவுக்கு வந்தா புள்ளைங்க கவனமா இருக்கணும்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயசு, கணையத்துல கேன்சர், ஈரல் வரைக்கும் பரவிருச்சு, இனி கொணப்படுத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா சின்ன வயசுலேர்ந்து குடிக்கற கசாயம் ஒண்ணு, சுக்கு மல்லி பனைவெல்லம் போட்டது, அதக் கேக்கறாங்க. அண்ணன் எதுவும் குடுக்காதேன்னு சத்தம் போடறான். குடுக்கலாமா?

பதில்: குடும்மா, தாராளமா குடு. அம்மா மருந்த கேக்கல, தன் வீட்ட கேக்கறாங்க. சுகர் இருந்தா மட்டும் பனைவெல்லத்த கொறைச்சுக்கோ, முழுங்கறதுல செரமம் இருந்தா ஸ்பூன்ல கொஞ்சங்கொஞ்சமா. மேல அண்ணாச்சிக்கு சொன்னது உனக்குப் பொருந்தாது, அவருக்கு கொணமாகற வாய்ப்பு கையில இருக்கு, அம்மாவுக்கு வேண்டியது வலி இல்லாத நாளு. அதனால கசாயத்துக்கு சண்டை போடற நேரத்துல அண்ணன ஒரு வேலைக்கு அனுப்பு, ஆஸ்பத்திரில வலி நிவாரணப் பிரிவு, பேலியேட்டிவ் கேர்னு கேக்கச் சொல்லு. மார்பின் மாத்திரைன்னா பயப்படாதீங்க, டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா யாரும் அடிமையாகி நான் பாத்ததில்ல, வலியோட கத்திக்கிட்டு ராத்திரிய கழிச்சவங்க தூங்கி எந்திரிச்சு காப்பி கேட்டதத்தான் பாத்திருக்கேன். மலச்சிக்கல் வரும், அதுக்கும் கூடவே மருந்து எழுதி வாங்கிக்கோ. யாராவது கடைசி நம்பிக்கைன்னு சொல்லி பத்தியம் போட்டா ஒத்துக்காத, அம்மா மாவடு கேட்டா மாவடு குடு.

கேள்வி: முள்சீத்தாப்பழம் கீமோவ விட பத்தாயிரம் மடங்கு வீரியம்னு வாட்ஸ்அப்ல வருது, அப்பா தினமும் இலைய கொதிக்க வச்சுக் குடிக்கறாரு. நல்லதா?

பதில்: அந்தப் பத்தாயிரம், சோதனைச்சாலையில தட்டுல வளக்கற செல்லுல பாத்த கணக்கு, மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்த கணக்கு இல்ல. தட்டுல செல்ல கொல்றதுக்கு பிளீச்சிங் பவுடரும் போதும். பழம் எப்பவாவது ரெண்டு சொளை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. தினமும் இலைத் தண்ணிதான் சரியில்ல, அதுல அனோனசின்னு ஒரு பொருள் இருக்கு, நரம்பு செல்ல பாதிக்கும், குவாதலூப்ங்கற கரீபியன் தீவுல இத நெறைய சாப்பிடற பெரியவங்ககிட்ட பார்க்கின்சன் மாதிரி ஒரு நடுக்கநோய் அதிகமா இருக்கறத டாக்டர்ங்க கவனிச்சிருக்காங்க. சுகர், பிரஷர் மாத்திரை எடுக்கறவரா இருந்தா அளவு ரொம்ப எறங்கவும் வாய்ப்பு இருக்கு. அப்பாகிட்ட சண்டை போட்டு பாத்திரத்த புடுங்காத தம்பி, அடுத்த செக்கப்புக்குப் போறப்ப அந்த இலைய ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில வச்சு, இதத்தான் அப்பா குடிக்கறாருன்னு அப்பா முன்னாடியே சொல்லு.